மெசின் வாங்கும்போது புத்தகத்தையும் கேட்டு வாங்குங்கள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரையில் இப்போது எந்த வயல் வட்டைக்குப் போனாலும் சின்ன ட்ரக்டர் ஒன்றாவது ஓடிக்கொண்டிருக்கும். இருபதிலிருந்து முப்பது குதிரைவலு, நாலு சில்லும் இழுக்கும், பின்னால் மண்ணைக் கிளறுகிற ரொட்டவேட்டர். பெரிய மெசின் புதைகிற சேற்றுக்கண்டத்திலும் இது ஏறி வந்துவிடும், மூலையில் வரம்பை உடைக்காமல் திரும்பும், டீசலும் குறைவு. நானும் வெல்லாவெளிப் பக்கம் வயல் செய்கிறவன்தான். ஜப்பானில் பாவித்துவிட்டு இங்கே இறக்கிய ஒரு மெசினை வைத்து என் காணியையும் அயலில் உள்ளவர்களின் காணியையும் உழுகிறேன். எந்தக் கொம்பனி மெசின், யாரிடம் வாங்கினேன் என்பதெல்லாம் இங்கே வேண்டாம், ஏனென்றால் நான் சொல்லப்போவது எல்லாக் கொம்பனிக்கும் பொருந்தும். மெசின் எடுக்கும்போது பதிவுப் புத்தகம் கேட்கிறோம், இரண்டாவது சாவி கேட்கிறோம், டயரைத் தட்டிப் பார்க்கிறோம், ஆனால் அதை எப்படிப் பராமரிப்பது, எப்படித் திருத்துவது என்று சொல்கிற புத்தகத்தை ஒருவரும் கேட்பதில்லை. கேட்காததை விற்கிறவரும் தருவதில்லை. அதனால் வருகிற நட்டம் முழுக்க எங்கள் தலையில்தான் விடிகிறது.

புத்தகம் என்று நான் சொல்வது ஒன்றல்ல, மூன்று. முதலாவது ஒப்பரேட்டர் மெனுவல், ஓட்டுகிறவருக்கானது. எந்த எண்ணெய், எத்தனை மணித்தியாலம் ஓடினால் மாற்றுவது, கிளச் பெடலில் எவ்வளவு ஆட்டம் இருக்க வேண்டும், நீண்ட நாள் நிறுத்தி வைப்பதென்றால் என்ன செய்வது, எல்லாம் அதில் இருக்கும். இரண்டாவது வேர்க்ஷொப் மெனுவல். கழற்றுகிற ஒழுங்கு, பூட்டுகிற ஒழுங்கு, எந்தப் போல்ட்டை எவ்வளவு இறுக்குவது, எது எவ்வளவு தேய்ந்தால் மாற்றியே ஆக வேண்டும் என்பது அதில். மூன்றாவது பார்ட்ஸ் கட்டலொக்: மெசினைப் பகுதி பகுதியாகப் பிரித்து வரைந்த படமும், ஒவ்வொரு துண்டுக்கும் உரிய இலக்கமும். புது மெசின் எடுத்தால் முதலாவது கூடவே வரும். மற்ற இரண்டையும் கொம்பனிக்காரர் தங்கள் வேர்க்ஷொப்புக்கு மட்டும் வைத்துக்கொள்வார்கள். பாவித்த மெசின் என்றால் மூன்றுமே இல்லை.

எனக்கு ஒரு பெரிய செலவைத் தடுத்தது இந்த மூன்றிலும் மெலிந்ததுதான். பெரும்போக உழவு முடிந்ததும் மெசினைக் கழுவித் தகரக் கொட்டிலுக்குள் விட்டிருந்தேன், மாரி முழுக்க அப்படியே நின்றது. சிறுபோகத்துக்கு நவகிரிக் குளத்தில் தண்ணீர் திறக்கிற திகதி கமக்காரர் கூட்டத்தில் முடிவாகி, ஆட்கள் உழவுக்கு நாள் கேட்டு வரத் தொடங்கின நேரம். ஸ்டார்ட் பண்ணினால் இஞ்சின் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது, ஆனால் கிளச்சை அடிமட்டும் மிதித்தாலும் கியர் விழவில்லை, கறகறவென்று அரைக்கிற சத்தம் மட்டும். வந்து பார்த்த மெக்கானிக் ஒருவர், “தம்பி, கிளச் பிளேட் போயிட்டு, ரெண்டாப் பிரிச்சுத்தான் பாக்கணும்” என்றார். இந்த மெசின்களுக்கு லொறி மாதிரித் தனியாகச் சேசி கிடையாது, இஞ்சினும் கிளச் வீடும் (கிளச்சை மூடியிருக்கிற இரும்புக் கூடு) கியர்பொக்சும் ஒன்றோடொன்று பூட்டி நிற்பதுதான் மெசினின் முதுகெலும்பே. அதனால் கிளச்சைப் பார்ப்பதென்றால் நடுவால் பிரித்து, முன்பாதியைத் தாங்கி நிறுத்திப் பின்பாதியை இழுக்க வேண்டும். கூலி ஒரு பக்கம், பிளேட் வரும்வரை காத்திருப்பது இன்னொரு பக்கம். அதற்குள் உழவுக்காலமே முடிந்துவிடும்.

அக்கரைப்பற்றில் எனக்குத் தெரிந்த ஒரு காக்காவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) கிட்டத்தட்ட இதே ரக மெசின் இருந்தது, அவருடையது வெளிநாடுகளுக்கென்றே செய்த மொடல், அதனால் ஆங்கிலத்தில் ஒப்பரேட்டர் மெனுவல் இருந்தது. போனில் விஷயத்தைச் சொன்னேன். “பிரிக்க விடாத தம்பி, முதல்ல புத்தகத்தப் பாப்பம், மறுகா மத்த வேலை” என்று சொல்லி இரண்டு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். ஒரு பக்கத்தில், மழையில் ஓடினாலோ மெசினைக் கழுவினாலோ கிளச் வீட்டுக்குள் தண்ணீர் போகும், அடியில் இருக்கிற அடைப்பானைக் கழற்றி வடித்துவிட வேண்டும் என்று இருந்தது. மற்றப் பக்கத்தில், நீண்ட காலம் நிறுத்தி வைக்கும்போது கிளச் பெடலை மிதித்த நிலையிலேயே கொக்கியால் பூட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிளேட் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் என்று தெளிவாக எழுதியிருந்தது. எங்களுக்கு நடந்தது அச்சொட்டாக அதுவேதான்.

மெசினுக்குக் கீழே படுத்துக் கையால் தடவிப் பார்த்தேன். கிளச் வீட்டின் அடியில், நிமிர்ந்து நின்றால் எந்தப் பக்கத்திலிருந்தும் தெரியாத இடத்தில், சின்னதாய் ஒரு அடைப்பான் இருந்தது. அதற்குமேல் வயல் சேறு காய்ந்து கல்லாகியிருந்தது. ஸ்குரூ டிரைவரால் சுரண்டிக் கழற்றினால் முதலில் ஒரு சொட்டும் வரவில்லை, துளைக்குள் கம்பியை விட்டுக் குத்தின பிறகு செங்கல் நிறத்தில் துருத்தண்ணீர் வழிந்து முழங்கை மட்டும் ஓடியது. பெடலுக்குப் பக்கத்தில் மடித்தபடி அந்தக் கொக்கியும் இருந்தது. அது எதற்கென்று விற்றவருக்கும் தெரியவில்லை, பார்க்க வந்த மெக்கானிக்குக்கும் தெரியவில்லை. பிறகு வயதில் மூத்த ஒரு மெக்கானிக் அண்ணன் வந்து, ஆள் நடமாட்டமில்லாத வெட்டையில் மெசினை விட்டு, ஒட்டின பிளேட்டை விடுவித்துக் கொடுத்தார். அதை எப்படிச் செய்தார் என்று இங்கே எழுத மாட்டேன். தெரியாதவர் செய்தால் மெசின் பாய்ந்து ஆளை அடித்துவிடும், தெரிந்தவரைக் கூப்பிட்டுத்தான் செய்விக்க வேண்டும். பிரிக்கவும் இல்லை, பிளேட் மாற்றவும் இல்லை, அந்தச் சிறுபோகம் முழுக்க அதே கிளச்சோடு உழுதேன். இப்போது கொட்டிலுக்குள் விடும்போது கொக்கியைப் போடாமல் இறங்குவதில்லை.

இதற்குப் பிறகுதான் என் மெசினுக்கே உரிய புத்தகங்களைத் தேட வெளிக்கிட்டேன். ஒரு இடத்தில், “அது எங்கட வேர்க்ஷொப் ஆக்களுக்கு மட்டும்தான், நீங்க மெசினைக் கொண்டு வாங்க” என்றார்கள். இன்னொரு இடத்தில், “இது நாங்க இறக்கின மெசின் இல்லையே” என்று கதையை முடித்துவிட்டார்கள். இரண்டாவது பதிலில் ஒரு நியாயம் இருக்கிறது என்று பிறகு விளங்கியது. ஜப்பான் கமக்காரருக்காகவே செய்து, அங்கே விற்று, பாவித்த பிறகு ஏற்றுமதியான மெசின் இது. அதன் மொடல் பெயர் வேறு, ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் எல்லாம் ஜப்பான் எழுத்து, வெளிநாட்டு மொடலில் இல்லாத சில கியரும் இருக்கும். குறிப்பாக பிடிஓ, அதாவது பின்னால் பூட்டுகிற சாமானை இஞ்சின் வலுவில் சுற்றுகிற தண்டு. ஜப்பான் மெசின்களில் பிடிஓவுக்கு மூன்று நாலு வேகம் இருப்பது வழமை. நாங்கள் பூட்டுகிற ரொட்டவேட்டரும் மற்றச் சாமான்களும் பெரும்பாலும் நிமிடத்துக்கு 540 சுற்றுக்குச் செய்தவை. எந்த லீவர் நிலையில் அந்த வேகம் வருகிறது என்று தெரியாமல் மேலே தள்ளி ஓட்டினால் சாமானும் உடையும், ஆளுக்கும் ஆபத்து. என் மெசினில் லீவருக்குக் கீழே இருந்த ஸ்டிக்கரைப் போன் கமராவால் மொழிபெயர்த்துப் பார்த்துத்தான் அது எந்த நிலை என்று கண்டுபிடித்தேன். ஸ்டிக்கர் அழிய முன்னம் உங்கள் மெசினில் இருக்கிற எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள், பெயின்ட் அடிக்கக் கொடுத்தால் முதலில் போவது அவைதான்.

தேடுகிற முறையில் எனக்கு வழி திறந்தது இஞ்சின். மெசின் பெயரை வைத்துத் தேடினால் ஜப்பான் எழுத்துப் பக்கங்கள்தான் வரும். ஆனால் ட்ரக்டரின் இஞ்சின் அந்த ட்ரக்டருக்கு மட்டும் செய்ததல்ல. கமக்காரர் கூட்டத்தில் எல்லோருக்கும் நான் காட்டுகிற உதாரணம் குபோட்டாவின் டி1105: மூன்று சிலிண்டர், 1123 சிசி. அதே இஞ்சின் ஜெனரேட்டரில் இருக்கிறது, சின்ன எக்ஸ்கவேட்டரில் இருக்கிறது, புல் வெட்டுகிற மெசினிலும் இருக்கிறது. ஆகவே அந்த இஞ்சினுக்கென்று தனியாக ஆங்கில வேர்க்ஷொப் மெனுவல் உண்டு, ட்ரக்டர் எந்த நாட்டுக்குச் செய்ததாக இருந்தாலும் அது பொருந்தும். இஞ்சின் குறியீடு புளொக்கிலேயே வார்த்தோ பொறித்தோ இருக்கும், டீசல் துணியால் துடைத்துவிட்டு டோர்ச் அடித்துப் பாருங்கள். மெசின் தகட்டில் உள்ள மொடல், சேசி இலக்கம், இஞ்சின் இலக்கம் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், போனிலும் படமாக இருக்கட்டும். எந்தக் கடைக்குப் போனாலும், எந்தப் புத்தகம் தேடினாலும் முதல் கேள்வி அதுதான். ஒரே மொடலிலும் ஒரு குறிப்பிட்ட சேசி இலக்கத்துக்கு மேலே வேறு பம்ப், வேறு கியர் என்று மாற்றியிருப்பார்கள், கட்டலொக்கில் அதையும் பிரித்துப் போட்டிருப்பார்கள்.

அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு வால்வ் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அமுக்குகிற கைக்கும் நடுவில் விடுகிற இடைவெளி, நல்ல உதாரணம். எங்கள் பக்கத்து மூத்த மெக்கானிக்மார் மசி பெர்குசன் 135 ட்ரக்டரில் கை பழகினவர்கள். அந்த மெசினின் பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் இஞ்சினுக்கு இஞ்சின் குளிராக இருக்கும்போது 0.30 மில்லிமீட்டர், அது அவர்கள் விரலுக்கே தெரியும், புத்தகம் வேண்டாம். டி1105க்கு 0.145இலிருந்து 0.185 வரைதான், கிட்டத்தட்டப் பாதி. பழைய அளவைப் புது இஞ்சினுக்கு வைத்தால் டக்டக்கென்ற சத்தத்தோடு வால்வ் சரியாகத் திறக்காமல் ஓடும். சத்தத்துக்குப் பயந்து அளவில்லாமல் இறுக்கிவிட்டால் வால்வ் முழுதாக மூடாமல் எரிந்து போகும். ஹெட் போல்ட்டை இறுக்குகிற அளவும் அப்படித்தான், டி1105க்கு 63.7இலிருந்து 68.6 நியூட்டன் மீட்டர், அடி இறாத்தலில் 47இலிருந்து 50.6 வரை. “கை சொல்லும்” என்று இறுக்குகிற அண்ணன்மாரை நான் குறைத்துச் சொல்லவில்லை, யுத்த காலத்தில் உதிரிப்பாகமும் இல்லாமல் புத்தகமும் இல்லாமல் இந்தக் கரையின் மெசின்களை ஓட வைத்ததே அந்தக் கைகள்தான். ஆனால் சின்ன இஞ்சினின் அலுமினியப் பாகங்களும் மெல்லிய கெஸ்கட்டும் அந்தக் கைக்குப் பழக்கமில்லாதவை. நான் அச்சடித்த பக்கத்தைக் கொண்டுபோய், “அண்ணன், இதில இப்படிப் போட்டிருக்கு, ஒருக்காப் பாருங்க” என்று கொடுத்தபோது அவர் கோபிக்கவில்லை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் வாசித்துவிட்டு, தனக்கும் ஒரு போட்டோக் கொப்பி எடுத்துத் தரச் சொன்னார். மெக்கானிக் புத்தகத்தை விரும்ப மாட்டார் என்பது எங்கள் கற்பனை. நல்ல மெக்கானிக் விரும்புவார்.

எண்ணெய் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். சின்ன ட்ரக்டர்கள் பலவற்றில் கியர்பொக்ஸ் எண்ணெயும் ஹைட்ரோலிக் எண்ணெயும் ஒரே தொட்டி. கியருக்குத்தானே என்று தடித்த கியர் ஒயிலை ஊற்றினால் பின்னால் கலப்பை தூக்காது, பம்பும் வீணாகும். எது ஊற்ற வேண்டும் என்று ஒப்பரேட்டர் மெனுவலில் பெயரோடும் தரத்தோடும் இருக்கும். சேற்றில் உழுகிறவர்கள் முன் அச்சின் எண்ணெயையும் பாருங்கள், நாலு சில்லு இழுக்கிற மெசினில் முன்னுக்கும் கியர் இருக்கிறது, வைக்கோலும் நைலோன் கயிறும் சுற்றி, எண்ணெய் கசியாமல் தடுக்கிற ஒயில் சீலை அறுத்துவிட்டால் அதற்குள் தண்ணீர் போய் எண்ணெய் பால் நிறமாகும்.

பார்ட்ஸ் கட்டலொக் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022இல் டொலரும் இல்லாமல் டீசலும் இல்லாமல் நின்ற காலத்தை நினைத்துப் பாருங்கள். அப்போது கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கடை கடையாக ஏறி, உடைந்த துண்டைக் காட்டி “இது மாதிரி இருக்கா” என்று கேட்டுத் திரிந்தோம். இலக்கம் தெரிந்தவன் ஒரு போனில் கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இருக்கிறதா இல்லையா என்று அறிந்துவிடுவான், பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய் வெறுங்கையோடு வரத் தேவையில்லை. இன்னொன்று, கொம்பனி இலக்கத்தோடு வருகிற எல்லாச் சாமானும் கொம்பனி மட்டும் செய்வதல்ல. பெயரிங்கின் வளையத்தில் 6205 என்று பொறித்திருந்தால் அது எந்த நாட்டில் செய்திருந்தாலும் உள்வட்டம் 25, வெளிவட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர்தான். ஒயில் சீலிலும் மூன்று அளவு அச்சாகி இருக்கும். பழையதைத் தூக்கி எறிய முன்னம் அதைத் துடைத்து வாசித்துக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள், நல்ல பெயர் உள்ள பெயரிங்கை நீங்களே பார்த்து வாங்கலாம். சில கொம்பனிகள் கட்டலொக்கை இணையத்தில் காசில்லாமல் பார்க்க விட்டிருக்கின்றன, குபோட்டாவும் ஜோன் டியரும் அமெரிக்கப் பக்கங்களில் அப்படி வைத்திருக்கிறார்கள். வேர்க்ஷொப் மெனுவலை ஜோன் டியர் விலைக்கு விற்கிறது. கொம்பனி பெயரில்லாத ஏதோ ஒரு தளம் பத்து டொலருக்கு எல்லா மொடலும் தருகிறேன் என்றால் கார்ட் இலக்கத்தைக் கொடுக்காதீர்கள். வருகிற கோப்பில் பெயர் மட்டும் உங்கள் மெசின், உள்ளே வேறு மெசினாக இருக்கும். எங்கே எடுத்தாலும் முதல் பக்கத்தில் உள்ள மொடல் வரிசையை உங்கள் தகட்டோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் ஒரு அளவையாவது நம்ப வேண்டும்.

இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கமக்காரர் தங்கள் மெசினைத் தாங்களே திருத்துவதற்கு மெனுவல், உதிரிப்பாகம், கருவி எல்லாவற்றையும் கொம்பனி கொடுக்க வேண்டும் என்று 2023இல் சட்டம் போட்டு, 2024 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அந்த 2023ஆம் ஆண்டிலேயே ஜோன் டியர், குபோட்டா போன்ற கொம்பனிகள் அமெரிக்க விவசாயிகள் சம்மேளனத்தோடு இதே விஷயத்தில் ஒப்பந்தம் செய்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் ட்ரக்டர்களுக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டவிதியிலேயே திருத்துகிற தகவலைச் சுயாதீனக் கராஜ்களுக்கும் கொடுக்க வேண்டும் என்ற பகுதி இருக்கிறது. இந்தியாவில் 2022 டிசம்பரில் திருத்தும் உரிமைக்கென்று அரசாங்கமே இணையவாசல் திறந்தது, நாலு துறைகளில் ஒன்று விவசாய உபகரணம். அங்கெல்லாம் கேட்டுத்தான் கிடைத்தது. எங்கள் கமக்காரர் அமைப்புகள் உர மானியத்துக்கும் நெல் விலைக்கும் எழுதுகிற மகஜரில் இதையும் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும்: இறக்குமதியாகிற ஒவ்வொரு மெசினோடும் தமிழிலும் சிங்களத்திலும் ஒப்பரேட்டர் மெனுவல், கேட்கிற சொந்தக்காரருக்கு நியாயமான விலையில் வேர்க்ஷொப் மெனுவல். பல இலட்சம் கொடுத்து, லீசிங் கட்டி எடுக்கிற மெசின் இது. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிகிற உரிமை வாங்கினவனுக்கு இல்லாமல் வேறு யாருக்கு?

அதுவரைக்கும் கையில் இருப்பதை வைத்துச் செய்யலாம். புது மெசின் எடுப்பவர்கள் முற்பணம் கட்ட முன்னமே புத்தகத்தைக் கேளுங்கள், காசு முழுக்கக் கட்டின பிறகு கேட்டால் பிறகு தாறோம் என்பார்கள். டாஃபே மாதிரி சென்னைக் கொம்பனி மெசின் என்றால் தமிழ்ப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்காமல் விடாதீர்கள். பாவித்த மெசின் என்றால் விலை பேசும்போதே சேசி இலக்கம், இஞ்சின் இலக்கம், என்னென்ன புத்தகம் தரப்படுகிறது என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும், சாமானில் குறையென்று முறையிடுவதானால் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், அந்த நேரம் கையில் துண்டு இல்லாவிட்டால் பேச்சே எடுபடாது.

நாங்கள் ஒரே ரக மெசின் வைத்திருக்கிற சிலர் சேர்ந்து, ஒப்பரேட்டர் மெனுவலில் பராமரிப்பு அட்டவணையை மட்டும் தமிழில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு சீட்டுக்குக் கீழே வைத்திருக்கிறோம். ஓட்டுகிற பெடியன் யாராக இருந்தாலும் மணித்தியால மீற்றரைப் பார்த்து, செய்த வேலைக்கு நேரே அன்றைய அளவை எழுத வேண்டும். கடைசியாக எப்போது எண்ணெய் மாற்றினது, எப்போது கிளச் வீட்டுத் தண்ணீர் வடித்தது என்பதில் இப்போது வாக்குவாதம் வருவதில்லை. இன்னும் ஆட்கள் சேர்ந்தால் மற்ற மொடல்களுக்கும் இதைச் செய்யலாம். உங்கள் மெசின் தகட்டின் படத்தையும் இஞ்சின் குறியீட்டையும் கீழே போட்டுவிடுங்கள், ஒரே இஞ்சின் யார் யாரிடம் இருக்கிறது என்று பார்த்துப் பக்கங்களைப் பகிர்ந்துகொள்வோம். பெரும்போக உழவு தொடங்க முன்னம் போடுங்கள், சேற்றில் இறங்கின பிறகு போன் பார்க்க நேரம் வராது.